வண்டி நின்றாலும் வழி நிற்பதில்லை

குடும்பத்தோடு நெடுந்தொலைவு செல்வோருக்கு வண்டி என்பது சக்கரங்களின்மேல் அமைந்த ஒரு சிறு வீடு. தாயின் மடியில் குழந்தை உறங்கும். பின்னால் அமர்ந்து பாட்டியார் செபமாலை சொல்லுவார். கட்டுச்சோற்றின் மணம் உள்ளே நிறைந்திருக்கும். ஊரும் பேரும் அறியாத ஓரிடத்தில் அந்த வண்டி திடீரென நின்றுவிட்டால், சற்று முன்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்களின் முகம் மாறிவிடுகிறது. "அப்பொழுதே சொன்னேனே" என்று கணவர் மனைவியைக் கடிந்துகொள்வார். மனைவி ஓட்டுநரைக் கடிந்துகொள்வார். பசியால் குழந்தை அழும். வண்டியின் பழுதைக் காட்டிலும் மனத்தின் பழுது விரைவாகப் பரவும்.

இச்சோதனை மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. எருதுகள் இழுத்த வண்டிகளில் ஒரு கண்டத்தையே கடந்த குடும்பங்கள் இதனை நம்மைவிடக் கடுமையாக அறிந்திருந்தன. அவர்கள் சென்ற வழியையும், வண்டிகள் முறிந்தபோது அவர்கள் செய்தவற்றையும் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

வட அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கெர்ன்சி என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு மணற்பாறை மேடு உண்டு. அப்பாறையின் குறுக்கே வாய்க்கால் வெட்டியது போல ஒரு தடம் ஓடுகிறது. சில இடங்களில் அதன் ஆழம் ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஆரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் சென்ற வண்டிகளின் இரும்புப் பட்டைகளும், எருதுகளின் குளம்புகளும், மனிதரின் கால்களும் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய தடம் அது. 1840-களில் பெருகத் தொடங்கி, 1869-இல் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை முடிவுறும் வரை, இலட்சக்கணக்கான மக்கள் அவ்வழிகளில் நடந்தனர். ஆரிகன் வரையுள்ள தொலைவு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அதைக் கடக்க நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை ஆயிற்று. அவர்கள் கடந்து சென்ற நிலமெல்லாம் வேறு மக்களின் தாய்நாடு என்பதையும், இவ்வருகையால் அப்பூர்வ குடிகள் பின்னர் பட்ட துயரத்தையும் நாம் மறக்கலாகாது.

அவர்களின் வண்டி மிகப் பெரியதன்று. மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் உடைய மரப்பெட்டி. அதன்மேல் வளைந்த சட்டங்கள். சட்டங்களின்மேல் தடித்த துணிக் கூரை. மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் விதையும் கருவிகளும் அப்பெட்டியில் நிறைந்திருந்தமையால், நடக்க வல்லவர் யாவரும் வண்டியின் அருகே நடந்தே சென்றனர்.

நம் நாட்டு மாட்டுவண்டியை அறிந்தவர்களுக்கு அவ்வண்டியின் நோய்களும் எளிதில் விளங்கும். பள்ளத்தில் இறங்கும்போது அச்சு முறியும். திரும்பும்போது ஏர்க்கால் ஒடியும். மேட்டுநிலத்தின் வறண்ட காற்றில் சக்கரத்தின் மரம் சுருங்கிவிடும், ஆரக்கால்கள் ஆடும், இரும்புப் பட்டை கழன்று விழும். அதற்கு அவர்கள் கண்ட மருந்து எளியது. மாலையில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றுநீரில் ஊறவைப்பர். மரம் ஊறிப் பருத்துவிடும். ஆறில்லாத இடத்தில் பட்டைக்கும் மரத்திற்கும் இடையே ஆப்பு அடிப்பர். வண்டியின் பின்னால் மசகு வாளி ஒன்று தொங்கும். பைன் மரத்துத் தாரும் விலங்குக் கொழுப்பும் கலந்த கலவை அதிலிருக்கும். புல்வெளியில் அச்சுக்கேற்ற உறுதியான மரம் கிடைப்பது அரிதாகையால், முன்யோசனையுடையோர் மாற்று அச்சைப் புறப்படும்போதே வண்டிக்கடியில் கட்டிக்கொண்டனர்.

செப்பனிட முடியாதபோது வண்டியையே குறைத்தார்கள். 1836-இல் மார்க்கஸ் விட்மன் என்ற மருத்துவர் தம் மனைவியோடும் பிறரோடும் மறைபரப்பும் நோக்கத்துடன் ஆரிகனுக்குச் சென்றார். மலைவழியில் வண்டியின் அச்சு முறியவே, அதனை அறுத்து இரண்டு சக்கர வண்டியாக ஆக்கிக்கொண்டு போய்சி கோட்டை வரை சென்றார். அங்கே அதனையும் விட்டுவிட்டு, குதிரைமேல் மீதி வழியைக் கடந்தார்.

1841-ஆம் ஆண்டு மே மாதத்தில் மிசௌரி எல்லையில் ஒரு கூட்டம் கூடிற்று. கலிபோர்னியாவிற்குக் குடிபெயர விரும்பிய அவர்களுள் ஜான் பிட்வெல் என்ற இளம் பள்ளி ஆசிரியரும் ஒருவர். கலிபோர்னியா மேற்கே உள்ளது என்பதைத் தவிர வழியைப் பற்றி அவர்களுள் எவருக்கும் ஒன்றும் தெரியாது. அவ்வேளையில் கத்தோலிக்க மறைபரப்பாளர் சிலர், மலைவழிகளை நன்கறிந்த தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவரை வழிகாட்டியாகக் கொண்டு அதே திசையில் வருகின்றனர் என்ற செய்தி கிடைத்தது. அவர்கள் வரும்வரை இவர்கள் காத்திருந்தனர்.

வந்தவர்களின் தலைவர் இயேசு சபைக் குருவான தெ ஸ்மெட் அடிகளார். 1801-இல் பெல்ஜிய நாட்டில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்கா சென்று, மலைநாட்டுப் பூர்வ குடிகளிடையே உழைத்தவர் அவர். அவரது குழுவில் கோவேறு கழுதைகள் பூட்டிய நான்கு இரட்டைச்சக்கர வண்டிகளும் ஒரு சிறிய வண்டியும் இருந்தன. பாதை என்று ஒன்று இல்லாத நிலத்தில் ஓடைக் கரைகளை வெட்டிச் சரித்து வண்டிகளை இறக்க வேண்டும். சிறு தொலைவு கடக்கவே நெடுநேரம் ஆகும். சில வேளைகளில் ஒரு வண்டி அப்படியே கவிழ்ந்து, உள்ளே இருந்த பொருளெல்லாம் நொறுங்கிப் போகும்.

அப்போது அடிகளார் என்ன செய்தார்? ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1890-இல், பிட்வெல் தம் நினைவுகளை எழுதி வெளியிட்டார். அவர் கத்தோலிக்கர் அல்லர். எனினும் தாம் கண்டறிந்த புனித மனிதர்களுள் தெ ஸ்மெட் ஒருவர் என்று எழுதினார். அதற்கு அவர் காட்டும் சான்று அடிகளாரின் மறையுரையன்று, கவிழ்ந்த வண்டியே. எந்த இடுக்கணிலும் அவரது மனம் கலங்கியதில்லை; பொருள்கள் உடைந்து சிதறிய வேளையிலும் முன்போலவே மலர்ந்த முகத்தோடு இருந்தார் என்று பிட்வெல் நினைவுகூர்கிறார். அரை நூற்றாண்டு கடந்தும் ஒரு மனிதரின் உள்ளத்தில் அழியாமல் நின்றது அந்த முகம்.

ஆகஸ்டு மாதத்தில் இக்கூட்டம் இன்றைய ஐடஹோ மாநிலத்திலுள்ள சோடா ஊற்றுகளை அடைந்தது. தரையிலிருந்து நுரைத்துப் பொங்கும் நீரூற்றுகள் நிறைந்த இடம் அது. அங்கே வழிகள் பிரிந்தன. அடிகளாரின் குழு வடக்கே சென்றது. குடிபெயர்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேரும் ஆரிகனைத் தேர்ந்து அவர்களைத் தொடர்ந்தனர். மீதிப்பேர் முப்பதுக்குச் சற்று மிகுதியானோர். வழிகாட்டியின்றிக் கலிபோர்னியா நோக்கித் திரும்பினர். அவர்களுள் ஒரே பெண்மணி, பதினெட்டு வயதான நான்சி கெல்சி. கணவர் பெஞ்சமினோடு, கைக்குழந்தையான மகளையும் சுமந்து சென்றார்.

ஹால் கோட்டையில் வழி விசாரித்து வந்தவர்கள் கொணர்ந்த செய்தி இவ்வளவே: தெற்கே மிகுதியாகச் சென்றால் நீரும் புல்லும் இல்லாத பாலை, வடக்கே மிகுதியாகச் சென்றால் கடக்க முடியாத பள்ளத்தாக்குகள். பெரிய உப்பேரியின் வடபுறமாக அவர்கள் சென்றனர். நீர் கரித்தது, எருதுகள் மெலிந்தன, வண்டிகள் நகர மறுத்தன. செப்டம்பர் மாதத்தில் கெல்சி குடும்பத்தார் தம் வண்டிகளை முதலில் கைவிட்டனர். சில நாட்களில் மற்றவர்களும் தங்கள் வண்டிகளை விட்டனர்.

ஆண்டின் பிற்பகுதி நெருங்கிற்று. பனிமலை இன்னும் முன்னே நின்றது. வண்டியைக் காக்க நின்றால் உயிரை இழக்க நேரிடும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். வண்டிப் பலகைகளிலிருந்தே பொதிச் சேணங்கள் செய்தனர். பொதி கட்டும் முறையை எவரும் அறியார். கட்டிய சற்று நேரத்தில் பொதிகள் சரிந்தன, குதிரைகள் மிரண்டன, கோவேறு கழுதைகள் உதைத்தன, எருதுகள் துள்ளிக் கதறின, பண்டங்கள் நாற்புறமும் சிதறின. மறுபடியும் பொறுக்கிக் கட்டினர்.

அவ்விடத்தில் நிகழ்ந்த ஒன்றைப் பிட்வெல் குறித்துள்ளார். நரைத்த தலையையுடைய பூர்வ குடி முதியவர் ஒருவர் முகாமுக்கு வந்தார். மலையடிவாரத்தில் அயலார் சிலரைக் காண்பாய், அவர்கள் உனக்குப் பல பொருள்கள் தருவார்கள் என்று பரம்பொருள் தமக்கு உணர்த்தியதாகச் சைகையால் தெரிவித்தார். எறிந்துவிட எண்ணிய பொருள்களை அவர்கள் அவருக்கு அளித்தனர். ஒவ்வொன்றைப் பெறுந்தோறும் அவர் கதிரவனை நோக்கி உரத்த குரலில் நெடுநேரம் பேசி நன்றி செலுத்தினார். ஒரு கூட்டத்தார் இழப்பென்று எண்ணியதை வேறொருவர் வானத்தின் கொடையென்று ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் வந்த வழி கொடியது. எருதுகளை ஒவ்வொன்றாகக் கொன்று உண்டனர். அவை தீர்ந்தபின் குதிரை, கோவேறு கழுதைகளின் இறைச்சியையும் உண்டனர். சியரா நெவாடா மலையின்மேல் ஆடவர் வழி தேடிச் சென்றிருக்க, ஏறத்தாழ அரை நாள் தாம் தனித்து, குழந்தையை அணைத்தவாறு அஞ்சியிருந்ததை நான்சி முதுமையில் நினைவுகூர்ந்துள்ளார். 1841 நவம்பர் 4-ஆம் நாள் அக்குடும்பம் கலிபோர்னியாவில் ஜான் மார்ஷ் என்பவரின் பண்ணையை உயிரோடு அடைந்தது. வண்டியில்லை, பண்டமில்லை, தாயும் தந்தையும் குழந்தையும் இருந்தனர்.

இதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த துயரத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1846-இல் டானர் கூட்டத்தார் குறுக்குவழி என்று கேள்வியுற்ற பாதையில் சென்று, மலைக்காட்டை வெட்டி வழி உண்டாக்குவதிலும் உப்புப் பாலையைக் கடப்பதிலும் பல வாரங்களை இழந்தனர். அக்டோபர் இறுதியில், சியரா மலையின் அடிவாரத்தை நெருங்கிய வேளையில், ஜார்ஜ் டானரின் வண்டியின் அச்சு முறிந்தது. புது அச்சைச் செதுக்கும்போது உளி பட்டு அவரது கை வெட்டுண்டது. அதற்குள் பனி கொட்டத் தொடங்கிற்று. அந்த அச்சு ஒன்றே கேட்டுக்குக் காரணம் என்று கூறவியலாது. அவர்களுக்கு முன்னே சென்றவர்களையும் பனி மறித்துவிட்டது. எனினும் டானர் குடும்பம் மற்றவர்களுக்குப் பல கிலோமீட்டர் பின்னே, ஆல்டர் ஓடைக்கரையில் தனித்து அகப்பட்டது. அக்கூட்டத்தின் 87 பேரில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர்.

1847 பிப்ரவரி முதல் மீட்புக் குழுவினர் வந்தபோது ஜார்ஜின் கைப்புண் முற்றியிருந்தது. அவரால் நடக்க இயலவில்லை. அவருடைய மனைவி டாம்சன் நடக்க வல்லவராயிருந்தும் கணவரை விட்டு வர மறுத்தார். தம் மூன்று சிறு பெண்களையும் மீட்கப்படும்படி அனுப்பிவிட்டு, கணவரோடு தங்கினார். இருவரும் அப்பனிமலையிலேயே இறந்தனர். முந்தைய தாரத்தின் இரு பெண்களையும் சேர்த்து, அவ்வீட்டின் ஐந்து பெண்மக்களும் உயிர் பிழைத்தனர்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பிழைத்தவர் அறிவாளிகள், மாண்டவர் அறிவிலிகள் என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. பனி எப்போது கொட்டும் என்பதும், அச்சு எங்கே முறியும் என்பதும் மனிதரின் கையில் இல்லை. அவர்களின் கையில் இருந்தவை சிலவே. புறப்படுமுன் பாரத்தைக் குறைப்பது ஒன்று. விட வேண்டியதைக் காலம் தாழ்த்தாமல் விடுவது மற்றொன்று. உடைந்ததைப் பார்த்து ஒருவரையொருவர் உடைத்துக்கொள்ளாமல் இருப்பது எல்லாவற்றிலும் பெரிது. மலைமேல் குழந்தையை அணைத்திருந்த நான்சியும், பனியில் கணவரோடு தங்கிய டாம்சனும், வண்டியைவிட வண்டியில் வந்தவர்களே பெரியவர்கள் என்று அறிந்திருந்தனர்.

இன்று நம் வண்டி நின்றால் கைப்பேசி உண்டு. சற்றுத் தொலைவில் பட்டறை உண்டு. பனிமலை ஏதும் முன்னே நிற்பதில்லை. ஆயினும், நின்ற வண்டியின் அருகே நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தந்தையின் முகத்தைக் குழந்தைகள் உற்று நோக்குகின்றனர். தாய் என்ன சொல்லுவார் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றனர். பழுது நீங்கி வண்டி ஓடியபின் அச்சு எங்கே முறிந்தது என்பதை அவர்கள் மறந்துவிடலாம். அப்போது வீட்டில் பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் சொல்லுவார்கள்.