அப்பாவின் வடிகட்டிகள்

எங்கள் வீட்டுப் பரணைப் பற்றி என் மனைவிக்குத் தீர்மானமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. "மேலே ஏறின சாமான் கீழே இறங்கினதாகச் சரித்திரமே இல்லை" என்பாள். அந்தச் சரித்திரத்தை எங்கள் பெண் மாற்றிவிட்டாள். மீன் வளர்த்தே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒற்றைக் காலில் நின்றால், நாற்பத்தைந்து வயதுத் தகப்பன் ஏணியில் ஏறத்தானே வேண்டும்? ஏறினேன். பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றும், வேஷ்டித் துணியில் முடிந்த இரண்டு மூட்டைகளும் இறங்கின.

மூட்டைக்குள் இருந்தவை, தொட்டிக்கு வெளியே வைத்து ஓட்டுகிற வடிகட்டிகள். கடைக்காரர்கள் கேனிஸ்டர் ஃபில்டர் என்பார்கள். பார்வைக்குப் பெரிய தூக்குச்சட்டி மாதிரி இருக்கும். தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, சட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் கடந்து, மூடியில் இருக்கும் சின்ன மோட்டாரின் தயவால் இன்னொரு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்பும். இரண்டும் என் அப்பாவுடையவை. அவர் 2019-ல் காலமானார். வடிகட்டிகள் ஓட்டத்தை நிறுத்தியது அதற்கும் முன்னால், 2015 டிசம்பரில்.

ஒரு கத்தியும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் எதையும் பழுது பார்த்துவிடலாம் என்று நினைக்கிற ஆண்பிள்ளைகளில் நானும் ஒருவன். முதல் வடிகட்டியின் மூடியைத் திறந்தேன். பக்கத்துக் கொக்கி படக்கென்று உடைந்தது. வருஷக் கணக்கில் பரணில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டாவதை ஜாக்கிரதையாகத் திறந்தேன். மோட்டாருக்குள் சுழல்கிற காந்தச் சக்கரம், இம்பெல்லர், ஒரு மெல்லிய பீங்கான் கம்பியில் கோத்திருக்கும். அதைக் கழற்றும்போது கம்பி இரண்டாக ஒடிந்தது. "இன்னொரு மூட்டை இல்லையே என்று வருத்தமாக இருக்கிறதா?" என்று என் மனைவி கேட்டாள்.

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். தெருத் தெருவாக மீன் கடைகள். அங்கே ஒரு பெரியவர் என் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"யார் சார் இதைக் கட்டி வைத்தது?"

"எங்கப்பா."

"நல்லாக் காயவெச்சுக் கட்டியிருக்கார். ஈரத்தோட மூடி வெச்சிருந்தா, திறக்கறப்போ நீங்க தெருவுக்கு ஓடியிருக்கணும். ரெண்டும் ஒரே மாடல். இதோட கம்பியை எடுத்து அதுல போட்டா ஒண்ணு ஓடும்."

அப்புறம் வைத்தியம் சொன்னார். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டது. புதிது போட வேண்டும். அதற்கு சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். ஸ்பாஞ்சு தொட்டால் பொடியாகிறது. தூக்கி எறிய வேண்டியதுதான். பீங்கான் வளையங்களுக்கு வயது கிடையாது, அலசினால் போதும். எங்கள் போர் தண்ணீரின் உப்பு இம்பெல்லர் உட்காரும் குழியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷால் தேய்க்கச் சொன்னார். விறைத்துப்போன குழாய்களின் முனையை வெந்நீரில் நனைத்தால் இளகுமாம். முக்கியமாக, தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது.

வீட்டில் எல்லாம் விதிப்படி நடந்தது. ரப்பருக்குத் தேங்காயெண்ணெய் போதாதா என்று என் மனைவி கேட்டாள். எண்ணெய் சிக்குப் பிடிக்கும், சில ரப்பர் ஊதிவிடும் என்று, அன்று காலையில்தான் கற்ற வித்தையை வெகுநாள் அநுபவஸ்தன் மாதிரி எடுத்துச் சொன்னேன். தொட்டியில் மாட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வடிகட்டியின் அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தால், எங்கே ஒரு சொட்டுக் கசிந்தாலும் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும்.

எல்லாம் தயாரான பிறகு கடைசியாகத்தான் மின்சார ஒயரைப் பிரித்தேன். அப்பா அதை எட்டுப் போல் சுற்றி நூலால் கட்டியிருந்தார். சுற்றுக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. அவருடைய சாய்ந்த எழுத்து: "கரண்டு போய் வந்தால் கழுவாமல் போடாதே."

நான் பிளக்கைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

2015 வெள்ளத்தின்போது சைதாப்பேட்டையில் மாடி வீட்டில் இருந்தோம். தண்ணீர் எங்களை எட்டவில்லை. ஆனால் மூன்று நாள் மின்சாரம் இல்லை. அப்பாவின் தொட்டியில் பதினோரு மீன்கள். அப்பா ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். காற்று கலந்தால்தான் மீன் மூச்சு விடும். இரவிலும் விழித்து விழித்து ஊற்றினார். மூன்றாம் நாள் மாலை, பதினோரு மீனும் உயிரோடிருக்க, அசந்து தூங்கிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. அவர் எழுந்திருக்கும்போது சந்தோஷப்படட்டும் என்று, அவர் அணைத்து வைத்திருந்த வடிகட்டிகளின் சுவிட்சை நான் போட்டேன்.

அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. காலையில் மீன்கள் எல்லாம் மிதந்தன.

காரணம் சிக்கலானதல்ல. மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. வடிகட்டியின் வளையங்களில் குடியிருக்கும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. விநோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இந்த உயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். மோட்டார் நின்றால், மூடின சட்டிக்குள் சில மணி நேரத்திலேயே அது தீர ஆரம்பிக்கும். மூன்று நாளில் உள்ளே இருப்பது சாக்கடை. அதைத்தான் நான் தொட்டிக்குள் பாய்ச்சினேன்.

"மோட்டாரை யார் போட்டது?" என்று அப்பா கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

"யாரும் போடவில்லையே, அப்பா. சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கும்" என்றேன்.

அவர் கொஞ்சநேரம் தொட்டியைப் பார்த்தார். "நான்தான் அணைக்க மறந்திருப்பேன். வயசாகிறது" என்றார். அந்த வாரமே வடிகட்டிகளைக் கழுவிக் காயவைத்து மூட்டை கட்டினார். அதன் பிறகு அவர் மீன் வளர்க்கவில்லை. பிறகு நான்கு வருஷம் உயிரோடிருந்தார். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று அவர் இரண்டு தடவை போய்ப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

இப்போது அந்தக் காகிதம். தமக்குத் தாமே குறித்துக்கொள்கிறவர் 'போடக் கூடாது' என்று எழுதுவார். 'போடாதே' என்று எழுத எதிரே ஒருவன் வேண்டும்.

வாளியில் வடிகட்டி ஓடியது. முதலில் காற்று சிக்கிக் கடகடத்தது. சட்டியை மெல்லச் சாய்த்துக் குலுக்கியதும் குமிழிகள் வெளியேறிச் சத்தம் அடங்கியது. இரவு முழுவதும் ஓடியும் செய்தித்தாள் நனையவில்லை. மறுநாளே மீன் வாங்கலாம் என்று பெண் துள்ளினாள். கூடாது என்றேன். இயந்திரம் ஓடிவிட்டது, அதற்குள் இருக்க வேண்டிய உயிர் இன்னும் வரவில்லை. அது தானாக வளர நான்கு வாரம், ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகைத் தீனியைப் போட்டு அழுகவிட்டு, மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்க வேண்டும். கொளத்தூர்ப் பெரியவர் தம்முடைய ஓடும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சைத் தண்ணீரோடு கொடுத்திருந்தார். "உறை ஊற்றுகிற மாதிரி" என்றாள் என் மனைவி. அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காத்திருந்த நாட்களில் ஒரு மாலை, வெறும் தண்ணீரைப் பார்த்தபடி பெண் கேட்டாள்: "தாத்தா மீன் எல்லாம் ஏன்ப்பா செத்துப் போச்சு? கரண்ட் போனதாலயா?"

"இல்லை. நான் கொன்றேன்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். பொய்யையும் சேர்த்து.

அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தாகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்னும் இல்லை. ஆறாவது வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சொட்டுப் பரீட்சையில் இல்லை என்று வந்த பிறகு, நாலு மீன் வாங்கி விட்டோம். நாலும் சௌக்கியம். அப்பாவின் காகிதத்தைப் பெண் சுவிட்சுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். மின்சாரம் போகும்போதெல்லாம் நான் முதலில் போய் அந்தச் சுவிட்சை அணைக்கிறேன். அணைத்துவிட்டேனா என்று இன்னொரு தடவையும் போய்ப் பார்க்கிறேன்.