உப்புநீர் நடுவே ஊர்க்கிணறு

வெனிஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கால்வாயில்தான் தொடங்குவார்கள். கோண்டோலா, வளைந்த பாலம், தண்ணீரில் அசையும் அரண்மனை நிழல் என்று காட்சி விரியும். அந்த ஊரில் ஜனங்கள் எப்படி ஒருவரையொருவர் அறிந்து, சண்டை போட்டு, உதவிசெய்து வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கால்வாய்க்கு முதுகைக் காட்டிவிட்டு உள்ளே நடக்கவேண்டும். எதிரே ஆள் வந்தால் தோள் உரசும் சந்துகள். அவற்றில் இரண்டு திருப்பம் திரும்பியதும் சட்டென்று வானம் தெரியும். கல் பாவிய ஒரு வெளி, ஒரு பக்கம் தேவாலயம், சுற்றிலும் வீடுகள், நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் கிணறு. இந்த வெளியை அங்கே கம்போ என்கிறார்கள். வெனிஸின் உயிர் இருந்த இடம் இதுதான்.

ஆட்ரியாடிக் கடலோரக் காயலில் நூற்றுக்கு மேற்பட்ட திட்டுகளைப் பாலங்களால் கோத்துக் கட்டிய நகரம் அது. எங்கே திரும்பினாலும் தண்ணீர், எல்லாம் உப்பு. சாதாரணமாகத் தோண்டினால் ஊறுவதும் கரிப்பு நீர்தான். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் வானத்தை நம்பவேண்டியிருந்தது. அதனால் அவர்கள் கட்டியது பார்வைக்குக் கிணறு, உண்மையில் மழைநீர்த் தொட்டி.

கட்டிய விதத்தை விவரமாகச் சொல்லத்தான் வேண்டும். கம்போவின் நடுவில் மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்கு, சில இடங்களில் அதற்கும் கீழே, அகலமான பள்ளம் எடுப்பார்கள். அதன் அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணை அப்பி இறுக்குவார்கள். காயலின் உப்பு உள்ளே வராமல் தடுப்பதும், சேர்ந்த மழைநீர் வெளியே போகாமல் காப்பதும் இந்தக் களிமண்தான். மையத்தில் ஒரு கல்பலகை பதித்து, அதன்மேல் நீர் கசிந்து உள்ளே வரும்படி செங்கல்லால் வட்ட உறை எழுப்புவார்கள். உறைக்கும் களிமண்ணுக்கும் இடைப்பட்ட இடம் முழுக்க மணல். அதற்குமேல் கல்தளம். தளம் லேசாகச் சரிந்து, கிணற்றைச் சுற்றி இரண்டோ நான்கோ இடங்களில் துளைபோட்ட வெள்ளைக் கற்களில் போய் முடியும். மழை பெய்தால் தளத்தில் விழுந்த நீரும் கூரைகளிலிருந்து இறங்கும் நீரும் அந்தத் துளைகளில் புகுந்து, மணலில் வடிந்து, உறைக்குள் தெளிந்து நிற்கும். வாளி விட்டு இறைக்கவேண்டியதுதான். நம் கண்ணுக்குக் கிணறாகத் தெரிவது உறையின் வாய் மட்டுமே. காலுக்குக் கீழே கம்போவின் பெரும்பகுதியும் கிணறுதான்.

அப்படியானால் அந்தத் தளத்தில் யார் அசுத்தம் செய்தாலும் அது அக்கம்பக்கத்தார் அத்தனை பேரின் குடிநீரிலும் கலக்கும். இதைக் காக்கச் சட்டமும் இருந்தது, காவலும் இருந்தது. கிணறு இரும்பு மூடியிட்டுப் பூட்டியிருக்கும். சாவி அந்தப் பகுதியின் பொறுப்பாளர் கையில். தினம் இரண்டு வேளை மணி அடித்துத் திறந்துவிடுவார்கள். கல்யாணப் பேச்சு, கடன், மீன் விலை, கிழக்கிலிருந்து கப்பல் வந்த செய்தி எல்லாம் வீடு வீடாகப் பரவியது கிணற்றடியில்தான். ஊர்க்கிணற்றைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1858ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பொதுக் கிணறுகள் 180, தனியார் கிணறுகள் 6,000க்கும் மேல். தனியார் என்று கணக்கில் இருந்தாலும் அவற்றில் பல, பல குடும்பங்கள் சேர்ந்து குடியிருந்த முற்றங்களில் இருந்தவை.

அந்தக் கிணற்று வாய்களைக் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். பெரும்பாலானவை இஸ்திரியாவிலிருந்து படகில் வந்த வெள்ளைச் சுண்ணக்கல், சில வெரோனாவின் சிவப்புக் கல். மிகப் பழையவற்றில் சில, ரோமானியத் தூண்களின் தலைப்பகுதியைக் குடைந்து செய்தவை. பக்கங்களில் அந்தப் பகுதியின் புனிதர் உருவம், கட்டிக்கொடுத்த குடும்பத்தின் சின்னம், நீர்க்குடம் என்று செதுக்கியிருப்பார்கள். 1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்ததும் அதன் அடையாளமான சிறகுள்ள சிங்கத்தை ஊரெங்கும் உளிகொண்டு பெயர்த்தார்கள். அந்த வடுவைக் கிணறுகளிலும் பார்க்கலாம். ஆனால் சிற்பங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வாயின் விளிம்புதான். கயிறு ஓடி ஓடி, விரல் நுழையும் அளவுக்குக் கல் தேய்ந்து, வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை தலைமுறை இழுத்த கயிறு! சில கிணறுகளின் அடியில் கல்லிலேயே சிறு குழி வெட்டியிருக்கும். அது நாய்க்கும் பூனைக்கும் பறவைக்கும் தண்ணீர் வைக்க.

மழை பொய்த்த காலத்தில் பிரெண்டா ஆற்றுத் தண்ணீரைப் படகில் ஏற்றிவந்து இந்தத் தொட்டிகளை நிரப்பினார்கள். அதற்கென்றே படகுக்காரர் சங்கம் ஒன்று இருந்தது. கடல் பொங்கி ஊருக்குள் ஏறினால் உப்பு கலந்து கிணறு கெட்டுவிடும். அதனால்தான் சில கிணறுகளைப் படிகட்டி மேடைமேல் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் கொண்டுபோய் விற்றவர்கள் பெண்கள். வளைந்த தண்டைத் தோளில் வைத்து இரு முனையிலும் செம்பு வாளி தொங்கவிட்டு, பாலங்களின் படி ஏறி இறங்கினார்கள். அவர்களில் பலர் வடக்கே ஃப்ரியூலி மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். வெனிஸின் அழகைப் பாடியவர்கள் இவர்களுக்குக் கொடுத்த இடம் மிகக் குறைவு.

கிணற்றடி வளர்த்த ஒற்றுமைக்கு எல்லை இருந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. 1516இல் யூதர்களைக் கன்னரேஜோ பகுதியில் ஒரே திட்டில் குடியேறச் செய்தது அரசு. இரவில் கதவடைப்பு. காவலருக்குக் கூலியும் யூதர்களே கொடுக்கவேண்டும். இடம் போதாமல் வீடுகள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன. உலகம் முழுக்கப் புழங்கும் கெட்டோ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்தக் கம்போவிலும் மூன்று கிணறுகள் நிற்கின்றன. ஒதுக்கப்பட்டவர்களும் தமக்கென ஒரு கிணற்றடியை வைத்துக்கொண்டார்கள்.

மற்றவர்களிடையே பகையும் உண்டு. கிழக்குப் பக்கத்துக் காஸ்தெல்லானி கோஷ்டியும் மேற்குப் பக்கத்து நிக்கொலொத்தி கோஷ்டியும் பாலத்தின்மேல் கைச்சண்டை போட்டார்கள். அப்போது பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, தோற்றவன் கால்வாயில் விழுவான். 1705இல் அரசு அதைத் தடைசெய்தது. சான் பார்னபா அருகிலுள்ள முஷ்டிப் பாலத்தில் சண்டைக்காரர்கள் கால் வைத்து நின்ற இடத்தில் பாதச்சுவடு பதித்த கற்கள் இன்றும் இருக்கின்றன.

எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தது கொள்ளைநோய். 1575 முதல் 1577 வரை பரவிய நோய், ஊரில் ஏறத்தாழ நாலில் ஒருவரைக் கொண்டுபோனது. நோய் தீர்ந்தால் கோயில் கட்டுகிறோம் என்று அரசு நேர்ந்துகொண்டது. பல்லாடியோ வடிவமைத்த ரெதெந்தோரே தேவாலயம் அப்படி எழுந்தது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை மூன்றாம் ஞாயிறு அன்று ஜூதெக்கா கால்வாயின் குறுக்கே மிதவைப் பாலம் போட்டு ஜனங்கள் அங்கே நடந்தே போகிறார்கள். முந்தைய இரவு குடும்பம் குடும்பமாகப் படகில் உட்கார்ந்து சாப்பிட்டு வாணவேடிக்கை பார்ப்பார்கள். 1630இல் மறுபடி நோய் வந்தது, மறுபடி நேர்த்திக்கடன். நவம்பர் 21 அன்று, அப்படி எழுந்த சலூத்தே தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றப் பெரிய கால்வாய்மீதும் பாலம் விழும். அன்றைக்கு வீடுகளில் முட்டைக்கோசோடு வேகவைத்த உப்புக்கண்ட ஆட்டிறைச்சி.

1884இல் குழாய்த் தண்ணீர் வந்தது. மணி நின்றது, மூடிகள் நிரந்தரமாக இறங்கின. தண்ணீர் சுமந்த பெண்களின் தோள் வலி தீர்ந்ததை எண்ணினால் அதற்காக வருந்தமுடியாது. கிணறு போனபிறகும் கம்போ சாகவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கார் நுழையாத ஊர். ரொட்டி வாங்கவும் பள்ளிக்குப் போகவும் எல்லோரும் நடந்தே ஆகவேண்டும், நடந்தால் கம்போவைக் கடந்தே ஆகவேண்டும். சான் ஜாகொமோ தெல்லோரியோ கம்போவில் மாலையில் பிள்ளைகள் பந்து விளையாட, பெரியவர்கள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள்.

இப்போது வற்றுவது ஜனங்கள். 1951இல் பழைய நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்தார்கள். இன்று 50,000க்கும் குறைவு. ரியால்தோ பாலத்தருகே சான் பர்தொலொமெயோ கம்போவில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் மின்பலகை ஒன்று இந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வீடுகள் சுற்றுலாப் பயணிகளின் தங்குமிடங்களாக மாற, வாடகை எட்டாமல் இளம் குடும்பங்கள் தரைப்பக்கத்து மெஸ்த்ரேவுக்குப் போய்விடுகின்றன. 2024இல் கூட்டம் மிகும் நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமாக 5 யூரோ வாங்கத் தொடங்கினார்கள். ஐந்து யூரோவால் யாருக்கு வீடு கிடைக்கும்? அரண்மனைகளைச் செப்பனிட உலகமே பணம் தருகிறது. அவற்றின் நடுவே குடியிருக்க ஆள் வேண்டும் என்பதற்கு அந்த அக்கறையில் பாதிகூட இல்லை. குறுகியகால வாடகை வீடுகளுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை இத்தாலிய நாடாளுமன்றம் 2022இல் வெனிஸ் நகராட்சிக்குக் கொடுத்தது. அதைப் பயன்படுத்துங்கள் என்று குடியிருப்போர் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது அந்த ஊருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மராமத்து.