இரட்சிக்கப்பட்டாச்சு, அப்புறம்?

புதுசா விசுவாசத்துக்கு வர்றவங்களுக்குன்னு சபைகள்ல ஒரு குட்டிப் புத்தகம் கொடுப்பாங்க. எங்க ஊர்ப் பக்கம்னா பெரும்பாலும் சிவகாசியிலயே அச்சடிச்சதா இருக்கும். சிஎஸ்ஐயோ பெந்தெகொஸ்தேயோ, உள்ள இருக்குற லிஸ்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தினமும் பைபிள் வாசி, ஜெபம் பண்ணு, ஞாயிறு ஆராதனையை விடாதே, ஞானஸ்நானம் எடு, நாலு பேருக்கு சாட்சி சொல்லு.

நல்ல லிஸ்ட்தான். ஆனா விருதுநகர், சிவகாசி பக்கம் அந்தப் புத்தகத்தைக் கையில வாங்குறது யாரு? நான் பார்த்த வரைக்கும் அதிகமா கல்யாணம் ஆன பொம்பளைங்க. வீட்டுல அவங்க ஒரு ஆள்தான் விசுவாசி. வீட்டுக்காரர் பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுப்பார். ஆடி கடைசி வெள்ளிக்கு மொத்தக் குடும்பமும் இருக்கன்குடிக்குக் கிளம்பும். வேலை பார்க்குற இடத்துல ஆயுத பூஜைப் பொரிகடலை கைக்கு வரும். லிஸ்ட்ல இருக்குற முதல் ரெண்டையும் எப்படியாவது பண்ணிடலாம். மத்த மூணுக்கும் வாசல்படியைத் தாண்டணுமே?

எங்க தெருவுல ஒரு அக்கா, சரவெடி பின்னுறவங்க. ஒருநாள் கேட்டாங்க: "ஏன் தம்பி, சர்ச்சுக்குப் போனா வீட்டுல சண்டை. போகலைன்னா ஆண்டவருக்கு முன்னாடி நான் பொய்க்காரியா?"

இந்தக் கேள்விக்கு இந்த மண்ணுல வயசு நூறு வருஷத்துக்கு மேல. கொஞ்சம் வரலாறு சொல்றேன், பொறுத்துக்கோங்க.

தாமஸ் ராக்லண்ட்னு ஒரு சிஎம்எஸ் மிஷனரி. கேம்பிரிட்ஜ்ல கணிதத்துல நாலாவது இடம் வாங்கினவர். 1854-ல ரெண்டு கூட்டாளிகளோட வட திருநெல்வேலிக்கு வந்தார். அப்ப சிவகாசியும் அந்தச் சீமைதான். பங்களா கட்டி உக்காராம, கூடாரம் போட்டு ஊர் ஊரா நடந்தார். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள்ல இருந்து உபதேசிமார் முறை வச்சு வந்து உதவினாங்க. 1858 அக்டோபர்ல சிவகாசியிலயே இறந்து போனார். பெரிய அறுவடை எதையும் அவர் பார்க்கல. பின்னாடி சிவகாசிக்குப் பக்கத்துல சாட்சியாபுரம் உருவாச்சு. ஊர்ப் பேருலயே 'சாட்சி' இருக்கு பாருங்க.

அந்த சாட்சியாபுரத்துக்குப் பக்கத்துலயே, சத்தமில்லாம இன்னொண்ணும் வளர்ந்துச்சு. பெண் மிஷனரிகளும், 'பைபிள் உமன்'னு சொல்லப்பட்ட நம்ம ஊர்ப் பெண்களும் வீடு வீடாப் போய்ச் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, சிவகாசி இந்து நாடார் குடும்பப் பெண்கள் சிலர் இயேசுவை நம்ப ஆரம்பிச்சாங்க. வெளிய சொல்லல. ஞானஸ்நானம் எடுக்கல. வீட்டுக்குள்ளயே ஜெபம், அடுக்களைக்குள்ளயே விசுவாசம். எலைசா கென்ட்ங்கிற ஆய்வாளர் 'சிவகாசியின் ரகசியக் கிறிஸ்தவர்கள்' பத்தி 2011-ல ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்காங்க.

ஏன் ரகசியம்? பயம்னு ஒத்தை வார்த்தையில முடிச்சிடலாம். ஆனா காலத்தையும் பாருங்க. 1899 ஜூன்ல சிவகாசிக் கொள்ளை நடந்துச்சு. கோயிலுக்குள்ள போற உரிமை கேட்டதுக்காக வீடுகள் எரிஞ்சு, உயிர் போன சம்பவம். அந்தக் கோயில் வாசலுக்காக ரத்தம் சிந்தின குடும்பத்துல ஒரு மருமக, 'எனக்கு வேற சாமி'ன்னு சொன்னா என்ன ஆகும்? அவ போற இடம் மட்டுமா, பிள்ளைங்க கல்யாணம், சொத்து, சொந்தம் எல்லாமே ஆடிப்போகும்.

இவங்க எல்லாம் அரைகுறை விசுவாசின்னு சொல்றவங்க உண்டு. அவங்க நிக்கொதேமுவைக் கொஞ்சம் நினைச்சுக்கணும். ராத்திரியிலதான் வந்தார், இயேசு அவரைத் திருப்பி அனுப்பல. அரிமத்தியா யோசேப்பு பயத்துனால ரகசிய சீஷனா இருந்தவர். ஆனா சீஷருங்க ஓடிப்போன அன்னைக்கு, பிலாத்து முன்னாடி நின்னு சரீரத்தைக் கேட்டது அவர்தான். நாகமான் இன்னும் சுவாரஸ்யம். ராஜாவோட கோயிலுக்குப் போய் நானும் குனிய வேண்டியிருக்கும், ஆண்டவர் மன்னிப்பாரான்னு கேட்டான். எலிசா அவனைத் திட்டல, சமாதானமா அனுப்பி வச்சார்.

அதுக்காக ரகசியம் சுகமான விஷயம்னு சொல்ல வரல. தனிமை கொல்லும். புருஷன்கிட்டயே ஒளிச்சு வாழ்றது சாதாரணமா? செத்தாலும் கடைசிக் காரியம் வீட்டு முறைப்படிதான். நாப்பது வருஷம் நம்பின ஆண்டவர் பேரைச் சொல்ல ஒரு ஆள் அங்க இருக்காது.

இன்னொரு விஷயம், சபையில யாரும் பேச மாட்டாங்க. ஞானஸ்நானம் எல்லாருக்கும் ஒரே விலை இல்ல. நாடார் கிறிஸ்தவரானாலும் தமிழ்நாட்டுல பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்லயேதான் இருப்பார். ஆனா பட்டியல் சாதிக்காரர் ஒருத்தர் மாறினா, 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தச் சலுகை போயிடும், பி.சி. ஆகிடுவார். 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும் ஒரு புதுச்சேரி வழக்குல, ஞானஸ்நானம் எடுத்த பெண்ணுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாதுன்னு சொல்லிடுச்சு. பிள்ளையோட காலேஜ் சீட்டு வரைக்கும் யோசிக்கிற தாயைப் பார்த்து, 'உனக்கு விசுவாசம் பத்தல'ன்னு சொல்றது எனக்கு நியாயமாப் படல.

சரி, அந்த அக்காவுக்கு என்ன சொன்னேன்?

மாற்கு சுவிசேஷத்துல இருந்து ஆரம்பிங்க, பதினாறே அதிகாரம். வாசிக்கக் கஷ்டம்னா போன்ல ஆடியோ இருக்கு, திரி கோக்கிற நேரம் போக வீட்டுல கேக்கலாம். ஜெபத்துக்கு முழங்கால் போட இடம் வேணும்னு இல்ல, பாத்திரம் கழுவும்போதும் பேசலாம். நம்பிக்கையான ஒரு அக்காவையோ அத்தையையோ துணைக்கு வச்சுக்கோங்க. படையல் சாப்பாட்டுக்காக மாமியார்கிட்ட மல்லுக்கு நிக்க வேணாம். உங்க மனசாட்சி உறுத்தினா சத்தமில்லாம ஒதுங்குங்க. ஆலையில வாங்கின அட்வான்ஸை நேர்மையாக் கழிச்சு விடுங்க, பக்கத்து வீட்டுல கடன் சொன்னா சொன்ன தேதிக்குக் கொடுத்துடுங்க. சகேயு முதல் அடியா எடுத்து வச்சது அதைத்தானே? ஞானஸ்நானம் நீங்க கேக்குற அன்னைக்கு எடுங்க. வேற யாரோட கணக்குக்காகவும் வேணாம்.

"அப்ப நான் பொய்க்காரி இல்லையா?"ன்னாங்க.

"இல்லக்கா. மெதுவா நடக்குறீங்க, அவ்வளவுதான்."

சபைப் பெரியவங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அந்தக் குட்டிப் புத்தகத்தை அடுத்த தடவை அச்சுக்குக் கொடுக்கும்போது கடைசிப் பக்கம் ஒண்ணு சேருங்க. வெளிய வர முடியாதவங்க வீட்டுக்கு யாரு போறதுன்னு அதுல எழுதுங்க. நூறு வருஷத்துக்கு முந்தி பைபிள் உமன் அதைத்தான் பண்ணினாங்க.