கமோலியில் ஆர்கோவோடு நான்கு மாதங்கள்

இத்தாலிய நாட்டின் வடமேற்கே, மலையும் கடலும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் லிகூரியா மாநிலத்தில், ஜெனோவா மாநகருக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் கமோலி என்றொரு கடலூர் உண்டு. மக்கள் ஐயாயிரம் பேர் அளவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்மரக் கப்பல்களால் பெயர் பெற்று, ‘ஆயிரம் வெண்பாய்களின் நகர்’ என்று புகழப்பட்ட ஊர் அது. ஆடவர் அனைவரும் கடலோடிவிட, பெண்கள் மட்டுமே எஞ்சியிருந்த காரணத்தால் ‘மனைவியர் இல்லம்’ என்னும் பொருள்பட அப்பெயர் வந்ததென்று ஊரார் சொல்வர். பெயர்க்காரணம் மெய்யோ கதையோ, காத்திருத்தலையே தொழிலாகக் கொண்டிருந்த ஊர் என்பதை நான்கு மாதங்கள் அங்கே வாழ்ந்த நாம் ஐயமின்றிச் சொல்லக்கூடும்.

2023 ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் ஈறாக அப்பகுதிப் பங்குகளில் திருப்பலி நிறைவேற்றும் உதவிப் பணிக்காக நாம் அழைக்கப்பட்டிருந்தோம். கோடையில் இத்தாலியக் குருக்கள் ஓய்வெடுக்கும்போது வெளிநாட்டுக் குருக்கள் அவர்கள் இடத்தை நிரப்புவது இன்று பரவலான வழக்கம். தங்குவதற்குப் பங்கு இல்லத்தில் இடமில்லை. எண்பத்தாறு வயதுக் கைம்பெண் ஒருவர், இடுப்பெலும்பு முறிந்து மலைப்பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தார். அவருடைய கடலோர வீடு பூட்டிக் கிடந்தது. வாடகை வேண்டாம், ஆனால் ஒரு நிபந்தனை என்று சொல்லியனுப்பினார். வீட்டோடு நாயையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்!

அவ்வூர் வீடுகளைப் பற்றி ஒரு சொல். கடலை நோக்கி ஆறு ஏழு மாடிகள் வரை நெட்டையாக எழுந்து, ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பவை அவை. காவி, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். கடலிலிருந்து திரும்புகிறவன் தன் வீட்டைத் தொலைவிலேயே அடையாளம் காண்பதற்காக இவ்வாறு தீட்டினார்கள் என்பர். சன்னல்களில் பல மெய்யானவை அல்ல. சுவரில் நிழலும் சட்டமும் சேர்த்து வரைந்த பொய்ச் சன்னல்கள். ஊர் செங்குத்தான சரிவில் அமைந்திருப்பதால், பின்புறத் தெருவிலிருந்து நுழைந்தால் தரைமட்டமாக இருக்கும் தளம், கடற்பக்கம் இறங்கிப் பார்த்தால் மூன்றாம் மாடியாக நிற்கிறது. நம் வீடு தெருவிலிருந்து இரண்டு மாடி ஏறவேண்டியது. மின்தூக்கி கிடையாது. நாள்தோறும் மும்முறை நாயோடு அப்படிகளை ஏறி இறங்கியதில், ஐம்பது கடந்த நம் முழங்கால்கள் நல்ல தவம் செய்தன.

நாயின் பெயர் ஆர்கோ. இருபது ஆண்டு கழித்து மாறுவேடத்தில் வந்த தலைவனை ஒரே நொடியில் அறிந்துகொண்ட நாயென்று ஹோமர் பாடினாரே, அதன் பெயர். இந்த ஆர்கோவோ கலப்பினம், பழுப்பு நிறம், ஒன்பது வயது, ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். முதல் மூன்று நாள்கள் அது நம்மை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசற்கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டு, படிக்கட்டில் ஏறும் ஒவ்வோர் அடியையும் கேட்டு, அது வேறொருவர் அடி என்று தெரிந்ததும் மீண்டும் தலையைத் தாழ்த்தும். நாம் வைத்த சோற்றை நாம் உறங்கிய பின்னரே உண்டது. நாம் இத்தாலிய மொழியில் கூப்பிட்டதற்கும் அசையவில்லை. காரணம் நான்காம் நாளே தெரிந்தது. அம்மையார் தம் நாயோடு ஜெனோவா வட்டார மொழியில் மட்டுமே பேசுவாராம். உரோமையில் பயின்ற நம் இத்தாலியம் நாயிடம் செல்லுபடியாகவில்லை. அடுமனைக்காரப் பெண்மணியிடம் ‘வா’, ‘இரு’, ‘சாப்பிடு’, ‘போதும்’ என்னும் நான்கு சொற்களைக் கற்றுக்கொண்டு வந்து சொன்னோம். நிமிர்ந்த காது நம் பக்கம் திரும்பிற்று.

அந்நாட்டில் நாய் வளர்ப்பது நம் ஊரில் போல் வாசலில் சோறு வைப்பதோடு முடிந்துவிடுவதன்று. 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாய்களுக்கென்று தனிப் பதிவேடு உண்டு. அரிசிமணி அளவுள்ள மின்னணுச் சில்லு ஒன்றைத் தோலுக்கடியில் பொருத்தி, அதன் எண்ணை உரிமையாளர் பெயரோடு பதிகிறார்கள். தெருவில் ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்துச் செல்ல வேண்டும். வாய்ப்பூட்டு ஒன்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும். கழிவைப் பையில் எடுத்துவிட வேண்டும். அதுமட்டுமா? லிகூரியக் கடலூர்கள் பலவற்றில் ஒரு புட்டித் தண்ணீரும் கொண்டுபோய், நாய் சிறுநீர் கழித்த சுவரைக் கழுவிவிடுவது ஒழுங்கு. ஒரு கையில் வாரும் மறுகையில் புட்டியுமாக நடந்த நம்மைக் கண்டிருந்தால் நம் பங்கு மக்கள் என்ன சொல்லியிருப்பார்களோ! கோடைக் குளியல் பருவத்தில் பல கடற்கரைகளில் நாய்களுக்கு இடமில்லை. ஆகவே விடியற்காலையில், துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் வரை சென்று திரும்புவோம்.

நம் நாட்டிலிருந்து அங்கே குடியேறும் குடும்பங்களுள் சில தம் நாயையும் கொண்டுசெல்ல விழைவதுண்டு. அவர்களுக்காக இதைக் குறித்து வைக்கிறோம். முதலில் சில்லு, அதன் பின்னரே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போட்டு முப்பது நாள்களேனும் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தில் எதிர்ப்பாற்றலின் அளவைப் பார்க்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் காத்திருந்த பிறகே பயணம். பயணச்சீட்டு வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்காதவர்களுக்கு மனவேதனையே மிஞ்சும்.

ஊரார் நம் பெயரை அறிவதற்கு முன்னரே நாயின் பெயரை அறிந்திருந்தனர். கறுத்த மேனியரான அயல்நாட்டார் ஒருவர் தனியே கடற்கரையில் நடந்தால் மக்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டு போவதுண்டு. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை, எந்த ஊரிலும் உள்ளதே. ஆனால் ஆர்கோ உடன் வந்தால் மீனவர் வலையை விட்டு நிமிர்வார். மருந்துக்கடைப் பெண் வெளியே வருவார். அடுமனைக்காரப் பெண்மணி, ஒலிவ எண்ணெய் மணக்கும் ஃபொகாச்சா என்னும் தட்டை ரொட்டியின் ஓரத்தை வெட்டி நீட்டுவார். அம்மையார் எப்படி இருக்கிறார் என்பதே எல்லாரும் கேட்ட கேள்வி. இரண்டே வாரத்தில் நமக்கு ‘ஆர்கோவின் தோன்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. (தோன் என்பது குருக்களை அவர்கள் விளிக்கும் மரியாதைச் சொல்.) தோபித்து நூலில் இளைஞன் தோபியாவும் வானதூதரும் புறப்படும்போது நாயும் உடன் போயிற்று என்று ஒரு குறிப்பு வரும். குருமடத்தில் அதைப் படித்தபோது நாய் எதற்கு என்று விளங்கவில்லை. கமோலியில் ஓரளவு விளங்கிற்று.

வலை என்றோமே, அதைப் பற்றியும் சொல்லிவிடுவோம், நம் கடலோர மக்கள் மகிழ்வார்கள். கமோலிக்கும் புந்தா கியாப்பா முனைக்கும் இடையே வசந்தம் முதல் கோடை முடியும் வரை கடலில் ஒரு நிலைவலையைக் கட்டி வைக்கிறார்கள். சூரை முதலிய மீன்கள் தாமே உள்ளே சென்று அகப்படும். ‘தொன்னரெல்லா’ என்று பெயர். அவ்வலை எதனால் முடையப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்? தேங்காய் நார்! தென்னை மரமே இல்லாத நாட்டில், நூற்றாண்டுப் பழக்கமாகத் தேங்காய் நார் வலை! கயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது நம் வீட்டுக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. ஆர்கோவோ மீன்வாடைக்காக அவ்விடத்தை விட்டு வர மறுக்கும்.

நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி வரும். அம்மையார் நம்மிடம் இரண்டு சொல் நலம் கேட்டுவிட்டு, தொலைபேசியை நாயின் காதருகே வைக்கச் சொல்வார். பிறகு தம் மொழியில் நெடுநேரம் பேசுவார். குரல் கேட்டதும் ஆர்கோ எழுந்து நிற்கும், வாலை ஆட்டும், பின்பு படுக்கையறைக்குள் ஓடி, கட்டிலின் மறுபுறம் பார்த்து, குளியலறையைப் பார்த்து, கதவடியில் வந்து முனகும். அந்த முனகல் அரைமணி நேரம் ஓயாது. கீழ்த்தளத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற கப்பல் தலைவர், ‘கொமந்தாந்தே’ என்று ஊரார் அழைக்கும் முதியவர், நம்மைப் படிக்கட்டில் நிறுத்தி, “தோன், அந்தத் தொலைபேசியை நிறுத்திவிடுங்கள், கிழவிக்கு அது ஆறுதல், நாய்க்குச் சித்திரவதை” என்றார். அவர் சொல் கடுமையானது. பொய்யானது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஆறு மணிக்காகவே பகல் முழுவதும் காத்திருக்கும் ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது? நாம் சொல்லவில்லை. முனகல் ஓயும் வரை நாயின் பக்கத்தில் தரையில் அமர்ந்து மாலைச் செபத்தைச் சொல்லி முடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

இந்தக் கொமந்தாந்தே நாயின் நண்பர் அல்லர் என்பதையும் கூற வேண்டும். குரைப்புச் சத்தத்தைப் பற்றி அவருக்கும் அம்மையாருக்கும் பல்லாண்டு வழக்கு. கட்டடத்தின் குடியிருப்போர் கூட்டத்தில் நாய்களைத் தடைசெய்ய வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தாராம். 2013 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தமோ, குடியிருப்போர் ஒழுங்குவிதி வீட்டு விலங்குகளைத் தடைசெய்யலாகாது என்று கூறிவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

நம் படிக்கட்டில் ஒன்பது கதவுகள். அவற்றுள் ஐந்தின் பின்னால் ஒருவரே வாழ்ந்தனர். ஐவரும் எழுபது கடந்தவர்கள். இத்தாலியில் 2023 ஆம் ஆண்டு முழுவதும் பிறந்த குழந்தைகள் நான்கு இலட்சத்துக்கும் குறைவு. 2022 ஜனவரி 5 அன்று பொதுச் சந்திப்பில் திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளைகளின் இடத்தை நாய்களும் பூனைகளும் பிடித்துக்கொள்கின்றன என்று வருந்தியது உலகெங்கும் பேசப்பட்டது. அவர் கவலை நியாயமானதே. ஆனால் நம் படிக்கட்டில் நாம் கண்டது வேறு. அம்மையாருக்கு மக்கள் இருவர். ஒருவர் மிலானில், மற்றவர் ஜெர்மனியில். நாய் பிள்ளைகளைத் துரத்திவிட்டு வரவில்லை; அவர்கள் போன பின்னர் வந்தது. மகன் வளைகுடாவிலும் மகள் கனடாவிலுமாக, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று எத்தனை பேர்! அவர்கள் வீட்டில் வாலாட்ட நாய்கூட இல்லை.

ஆகஸ்டு 16 புனித ரோக் திருநாள். நம்மவர் ஆரோக்கியநாதர் என்று வழங்கும் அப்புனிதர், கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, தாமே நோயுற்றுக் காட்டில் ஒதுங்கியபோது, ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டுவந்து கொடுத்தது என்பது மரபு. கமோலிக்கு மேலே, 200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அவர் பெயரால் ஒரு சிற்றூரும் கோவிலும் உள்ளன. 1962 முதல் ஆண்டுதோறும் அத்திருநாளில் அங்கே நாய்களின் விசுவாசத்திற்குப் பரிசு வழங்குகிறார்கள். மனித உயிரைக் காத்தவை, தலைவனை விட்டு அகலாதவை எனப் பல இடங்களிலிருந்தும் நாய்கள் வருகின்றன. விழா அந்த மாதத்தில் வருவது பொருத்தமே. விடுமுறைக்குப் புறப்படும்போது நாயைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போகும் கொடுமையும் அந்நாட்டில் கோடையில்தான் மிகுதி. 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு அப்போது ஓராண்டு வரை சிறையோ தண்டமோ இருந்தது. நாம் ஆர்கோவோடு கற்படிகளில் ஏறிச் சென்றோம். பரிசுக்கு எவரும் அதன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கவில்லை. கோவில் முற்றத்தின் நிழலில் படுத்து உறங்கிவிட்டது.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஆறு மணித் தொலைபேசி நின்றுவிட்டது. அம்மையாருக்குக் காய்ச்சல், யாரோடும் பேசுவதில்லை, உணவையும் தள்ளிவிடுகிறார் என்று இல்லத்துச் சகோதரி தெரிவித்தார். நாயை அழைத்து வரலாமா என்று கேட்டோம். தோட்டத்திற்குள் மட்டும் என்று இசைவு கிடைத்தது. வாய்ப்பூட்டோடு பேருந்தில் ஏற்றிச் சென்றோம். சக்கர நாற்காலியில் கொண்டுவந்து அமர்த்தினார்கள். அவர் நம்மை அடையாளம் காணவில்லை. ஆர்கோ குதிக்கவில்லை, குரைக்கவில்லை. நேரே சென்று அவர் கால்களின்மேல் தன் முழுப் பாரத்தையும் சாய்த்து அமர்ந்துவிட்டது. அம்மையார் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். என்ன சொல்கிறார் என்று சகோதரியைக் கேட்டோம். மகிழ்ச்சி மொழி ஏதும் இல்லை. நெத்திலி விலை ஏறிவிட்டதாம், நாய் இளைத்திருக்கிறதாம், வெளிநாட்டுச் சாமியாருக்குச் சமைக்கத் தெரியாதாம். அன்று அவர் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார் என்று மாலையில் செய்தி வந்தது.

நாம் புறப்படும் நாள் நெருங்கியது. மிலான் மகனுக்கு வீடு சிறிது. ஜெர்மனி மகள் வரவில்லை. நாய்கள் காப்பகம் ஒன்றைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஒன்பது வயதுக் கிழ நாயை அங்கிருந்து யார் எடுத்துச் செல்வர்? அடுமனைக்காரப் பெண்மணி பகலில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார், இரவில் இயலாது என்றார். இரண்டு நாள்கள் இவ்வாறே கழிந்தன. மூன்றாம் நாள் காலை கொமந்தாந்தே கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. வாரையும் தண்ணீர்ப் புட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமைதோறும் இல்லத்துக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று வினவினார்; எட்டு நாற்பது என்றோம். பிறகு, இதுவரை ஒருமுறையும் பெயர் சொல்லி அழைக்காத அந்நாயை, அதன் மொழியிலேயே, ‘வா’ என்றார்.