வெட்டும் இடமும் ஒட்டும் இடமும்

நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்சிரங்குளத்தில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயின்ற ஆய்வு மாணவி ஒருவர், காசநோய்க் கிருமியின் மரபணுக்களைத் திருத்தும் பணியில் ஈடுபட்டிருக்கிறார். அவர் நாள்தோறும் கையாளும் பிளாஸ்மிட் ஒன்று, பாக்டீரியாவைத் தாக்கும் இரு வைரஸ்களின் புரதங்களை உருவாக்குகிறது. ஒரு வைரஸின் பெயர் பிஎக்ஸ்பி1. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கிடைத்தது. மற்றதன் பெயர் சே9சி. அப்பெயரில் உள்ள ‘சே’ சென்னையைக் குறிக்கிறது என்பதை அவர் அறிந்தபோது பணி தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது.

பிஎக்ஸ்பி1 தருவது இன்டெக்ரேஸ் என்னும் நொதி. வைரஸ் தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் குரோமோசோமில் செருகிக்கொள்ள இயற்கை வகுத்த கருவி அது. வைரஸில் ஒரு தளம், பாக்டீரியாவில் ஒரு தளம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது எழுத்து நீளம். நொதி இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தி, நான்கு இழைகளையும் வெட்டி, ஒரு பாதியை 180 பாகை சுழற்றி, மாற்றி ஒட்டுகிறது. ஓர் எழுத்துகூடக் கூடுவதில்லை, குறைவதில்லை. வெட்டிய முனையை நொதி தன்னுடைய செரின் அமினோ அமிலத்தோடு பிணைத்து வைத்திருப்பதால், ஒட்டுவதற்கு வெளியிலிருந்து ஆற்றலும் தேவையில்லை. ஒட்டியபின் உருவாகும் இரு புதிய தளங்களிலும் பாதி வைரஸ், பாதி பாக்டீரியா. இவற்றை நொதி தனித்துப் பிரிக்காது. அதற்கு வைரஸின் மற்றொரு புரதம் துணை வரவேண்டும். எனவே ஒட்டு நிலைக்கிறது.

செயற்கை உயிரியலார் இந்த நொதிகளை நாடுவதற்குக் காரணம் இந்தத் துல்லியமே. தளத்தின் நடுவிலுள்ள இரண்டு எழுத்துகள் ஒத்துப்போனால்தான் ஒட்டு நிகழும். அவ்விரண்டை மாற்றினால் ஒன்றோடொன்று குழம்பாத ஆறு தள இணைகள் கிடைக்கின்றன. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஃபை-சி31 என்னும் மற்றொரு வைரஸின் இன்டெக்ரேஸைக் கொண்டு, ஐந்து டிஎன்ஏ துண்டுகளை முன்னரே குறித்த வரிசையில் ஒரே வினையில் பிளாஸ்மிடுக்குள் கோத்ததை 2014இல் வெளியிட்டனர். ஐந்து துண்டுகளுக்கும் பிளாஸ்மிடுக்கும் இடையே ஆறு சந்திப்புகள்; ஆறு இணைகளும் அங்கே செலவாகிவிடுகின்றன.

மாணவியின் தந்தை பாலராமபுரத்துத் தறியில் நெய்தவர். மகள் இதை விளக்கியபோது அவருக்குப் புரியாதது எதுவுமில்லை. பழைய பாவின் முனையோடு புதிய பாவின் முனையை இழைக்கு இழை பிணைத்த கைகள் அவருடையவை. அவர் கேட்டது ஒன்றே: “ஒட்டுன எடம் தெரியுமா, மக்களே?” தெரியும். சந்திப்பில் அந்தக் கலப்புத் தளம் எஞ்சி நிற்கும். அது குறை அன்று. பின்னர் அதே இடத்தில் ஒரு துண்டை மாற்ற விரும்பினால் பிடிமானமாக உதவுவது அதுதான்.

சென்னை வைரஸின் பங்கு வேறு. சே9சியின் மரபணுத்தொகுதி 2003இல் ‘செல்’ இதழில் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் இடம்பெற்றது. 2007இல் ஜூலியா வான் கெசலும் கிரஹாம் ஹேட்ஃபுல்லும், அதன் இரு புரதங்கள் காசநோய்க் கிருமியின் குடும்பத்தில் டிஎன்ஏ பரிமாற்றத்தைப் பெரிதும் உயர்த்துவதைக் காட்டினர். 2018இல் கெனன் மர்ஃபி குழுவினர் ‘ஆர்பிட்’ முறையில் இரு வைரஸ்களையும் இணைத்தனர். நடுவில் பிஎக்ஸ்பி1 தளத்தைத் தாங்கிய ஒற்றை இழைத் துண்டு ஒன்றைச் சே9சியின் புரதம் குரோமோசோமில் உரிய இடத்தில் பொருத்துகிறது. அத்தளத்தில் இன்டெக்ரேஸ் ஒரு பிளாஸ்மிடைச் செருகுகிறது. முன்பு ஒவ்வொரு மரபணுவுக்கும் நீண்ட துண்டுகளைத் தனித்தனியே கட்டவேண்டியிருந்தது. இப்போது இருநூறு எழுத்துக்கும் குறைவான ஒரு துண்டை மாற்றி வாங்கினால் போதும்.

இருபது மணி நேரத்துக்கு ஒருமுறையே இரட்டிக்கும் கிருமியிடம் இந்தச் சேமிப்பு சிறிதன்று. ஒரு தட்டில் வளர்ச்சி தெரியவே மூன்று வாரம் ஆகும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். எந்த மரபணுவை முடக்கினால் கிருமி மருந்துக்குப் பணியும் என்று கண்டறிவதில் மிச்சமாகும் ஒவ்வொரு மாதமும், மருந்துக்கு அடங்காத நோயோடு காத்திருப்பவரின் மாதம்.

ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் இப்புரதங்களுக்கு வழக்கமாக ஒரு வரி போதும். மாணவி ஒரு பத்தி எழுதியிருக்கிறார்: எந்த வைரஸ், எந்த ஊர், எந்த ஆண்டு. ஊர்ப்பெருமை அதன் நோக்கமன்று. 1956 நவம்பரில் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு ஒருபுறமும் நெய்யாற்றின்கரை மறுபுறமுமாகப் பிரிந்த நிலத்திலிருந்து வந்தவருக்கு, ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

அந்தப் பத்திக்கு நடைமுறைப் பயனும் உண்டு. இத்தகைய வைரஸைத் தேட ஒரு பிடி மண், ஒரு வடிகட்டி, தீங்கற்ற ஸ்மெக்மாடிஸ் பாக்டீரியா பரப்பிய தட்டு ஆகியவையே தொடக்கத்துக்குப் போதும். அமெரிக்காவில் 2008 முதல் இளங்கலை முதலாண்டு மாணவர்கள் இதைப் பாடமாகவே செய்து, ஆயிரக்கணக்கான வைரஸ்களைத் திரட்டிப் பெயரும் சூட்டிவருகின்றனர். பாறசாலையின் வாழைத்தோட்டத்து மண்ணை இன்னும் எந்த வகுப்பறைத் தட்டில் இட்டுப் பார்த்திருக்கிறோம்?