அரை டம்ளர்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் காலைக் காப்பி எப்போதும் அரை டம்ளர்தான். முழு டம்ளராகக் கொடுத்தால் சில நாட்களில் அது அவர் கையிலிருந்து எகிறிப்போய்ச் சுவரில் அடித்து விழும். அம்மா அதைப் பித்தம் என்பாள். கால்கை வலிப்பு என்ற சொல் வாய்வழக்கில் காக்காய் வலிப்பாகி, பறவையோடு சம்பந்தப்பட்ட ஏதோ சாபம் போல ஆகிவிட்ட ஊரில், பித்தம் என்பது கௌரவமான வார்த்தை. நாங்களும் நம்பினோம். அல்லது நம்புவது சௌகரியமாக இருந்தது.

அக்காவைத் திண்டிவனத்தில் அம்மாவின் தம்பிக்கே கொடுத்தார்கள். அவள் மகளுக்குப் பதினைந்து வயதில், பரீட்சைக்குக் கண்விழித்த மறுநாள் காலை, முதல் வலிப்பு வந்தது. டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். யாருக்கும் இல்லை என்றேன். கார்பமாஸபைன் எழுதிக்கொடுத்தார். பெரிய வலிப்பு அபூர்வமாயிற்று. ஆனால் காலையில் தலைவாரும்போது அவள் கையிலிருந்து சீப்பு பறக்க ஆரம்பித்தது. மூன்று வருஷம் அதைக் கவனக்குறைவு என்று திட்டினோம். பிரதியில் எழுதாமல் விட்டதை வாசிப்பதே விமர்சனம் என்று அந்த மூன்று வருஷமும் நான் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு புதுச்சேரியில் ஒரு நரம்பியல் மருத்துவர். ஸ்கேன் உறையைப் பிரிக்கு முன்பே, "காலையில் கையிலிருந்து ஏதாவது தவறி விழுகிறதா?" என்று அவளிடம் கேட்டார். அவள் பதில் சொல்லும் முன் எனக்கு எங்கள் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. அப்போதுதான் அப்பாவைச் சொன்னேன்.

டீட்டர் யான்ஸ் என்ற ஜெர்மானியர் 1957-இல் விரிவாக விவரித்த வகை இது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். தூங்கி எழுந்த சிறிது நேரத்தில் கைகள் வெட்டி இழுக்கும். தூக்கம் கெட்டால் மோசமாகும். கார்பமாஸபைன் இந்த வெட்டுகளைக் கூட்டிவிடக் கூடும். வால்ப்ரோயேட் நன்றாகக் கேட்கும், ஆனால் கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும் என்பதால் இளம்பெண்களுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். இவளுக்கு லெவெடிரசெடம் கொடுத்தார். சீப்பு இப்போது கையில் நிற்கிறது. நான் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் டாக்டர் வேறு மாத்திரை எழுதியிருப்பாரா, தெரியாது. சொல்லவில்லை என்பது தெரியும்.

மருத்துவர் ஒரு தாளில் ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் போட்டுக் குடும்பத்தை வரைந்தார். அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவே இரட்டைக் கோடு. சொந்தத்தில் கல்யாணம் என்று அர்த்தம். அம்மா இத்தனை காலமும் தம்பிக்குப் பெண்ணைக் கொடுத்த தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தாள். லஃபோரா 1911-இல் கண்ட கொடிய வகைக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். அதில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர வேண்டும், சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு அதிகம். இந்த வகை பெரும்பாலும் எந்த ஒற்றை மரபணுவின் வேலையும் அல்ல. பல சேர்ந்து ஒரு சாய்வைக் கொடுக்கின்றன என்றார். அப்பாவின் சதுரத்தைப் பென்சிலால் லேசாக நிரப்பினார்.

பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தாரும் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் ஒரு தென்னிந்தியக் குடும்பத்தின் தலைமுறைகளை இப்படித்தான் தாளில் இறக்கி, வலிப்பின் தடயத்தை மூன்றாம் குரோமோசோமில் கால்ஸியத்தை உணரும் ஒரு ஏற்பியின் மரபணு வரை தொடர்ந்துபோய் 2008-இல் வெளியிட்டார்கள். அந்த விஞ்ஞானத்தைவிட அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். நான் இல்லை என்ற இடத்தில் அங்கே யாரோ ஆமாம் என்றிருக்கிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. திரும்பத் திரும்ப வரும் வலிப்பைக் காட்டிக் கல்யாணத்தைச் செல்லாததாக்க இந்துத் திருமணச் சட்டத்தின் 1976 திருத்தம் இடம் கொடுத்தது. 1999-இல்தான் அந்த ஒரு சொல்லை எடுத்தார்கள்.

போன வாரம் அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினேன். பென்சில் சதுரத்தில் விரலை வைத்து இது யார் என்றாள். சொன்னேன்.

"அவருக்குப் பித்தம்டா. தம்பிக்குக் கொடுத்தேன் பார், அது என் தப்பு."

தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். என்ன சொல்வதென்று அக்கா இன்னும் தீர்மானிக்கவில்லை.