பன்னிரண்டு காலங்களும் ஒரு 'வந்துட்டே'னும்

ஹைதராபாதுக்கு வேலை தேடி வரும் தமிழ்ப் பட்டதாரியின் பெட்டியில் மூன்று பொருட்கள் அநேகமாக இருக்கும். சான்றிதழ்கள் அடங்கிய கோப்பு. அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி. அட்டை கிழிந்த ஆங்கில இலக்கணப் புத்தகம். முதல் இரண்டும் கைவிடுவதில்லை. மூன்றாவதுதான் நேர்முகத் தேர்வு அறையில் காலை வாரிவிடுகிறது.

1998ல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டு ஹைடெக் சிட்டி எழுந்த பிறகு, இந்த நகரத்துக்கு வருபவர்களுக்கு அமீர்பேட் ஒரு கட்டாயத் தங்கல். கட்டடம் தெரியாத அளவுக்கு விளம்பரப் பலகைகள். கம்ப்யூட்டர் மொழிகளைக் கற்றுத்தரும் மையங்களுக்கு நடுவே 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புகள். கம்ப்யூட்டர் மொழி சில மாதங்களில் வசப்பட்டுவிடுகிறது. ஆங்கிலம்தான் மல்லுக்கு நிற்கிறது. பள்ளியில் பத்து வருடம் படித்த மொழிதான், ஆனால் வாயைத் திறந்தால் வர மறுக்கிறது.

"எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், 'ஐ ஆம் ஸ்டேயிங் ஹியர் சின்ஸ் டூ மன்த்ஸ்' என்று பதில் வருகிறது. தேர்வாளரின் புருவம் லேசாக உயர்கிறது. அந்த அசைவைப் பார்த்ததும் மிச்ச வார்த்தைகளும் தொண்டையில் நின்றுவிடுகின்றன. பதில் தெரியாமல் வேலையை இழப்பது வேறு. தெரிந்த பதிலைச் சொல்ல ஒரு துணைவினை கிடைக்காமல் இழப்பது வேறு. இரண்டாவதில் அவமானம் அதிகம்.

இத்தனைக்கும் அந்த வாக்கியத்தில் மடத்தனம் எதுவும் இல்லை. தமிழின் நியாயம்தான் இருக்கிறது. 'இரண்டு மாதமாக இங்கே இருக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். ஆங்கிலமோ, 'எப்போது தொடங்கியது, இன்னும் நீடிக்கிறதா?' என்று குறுக்கு விசாரணை செய்து 'ஹாவ் பீன்' கேட்கிறது. 'போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்' என்பது நல்ல தமிழ். 'ஐ ஹாவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்' என்றால் ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையைத் தேடுவார். நாள், வருஷம் குறிப்பிட்டுவிட்டால் அங்கே 'ஹாவ்' கூடாது. தமிழில் 'போகிறேன்' என்ற ஒரே சொல் தினமும் போவதையும் குறிக்கும், இந்த நிமிடம் கிளம்புவதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி உருவம். எது எங்கே என்ற குழப்பத்தில் பலரும் 'இங்'கைச் சரணடைகிறார்கள். 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' பிறப்பது இப்படித்தான்.

நம்மிடம் இருப்பவை இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற மூன்று. 1930களிலிருந்து இந்திய மாணவர்களை மிரட்டிவரும் ரென் - மார்ட்டின் இலக்கணமோ அவை ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்துப் பன்னிரண்டாக்கி வைத்திருக்கிறது. (இவர்களில் ரென், 1924ல் வெளியான 'போ கெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். சாகசத்தின் மீது அவருக்கிருந்த விருப்பம் அட்டவணைகளிலும் தெரிகிறது.) வேடிக்கை என்னவென்றால், 'வருவேன்' என்று வினைக்குள்ளேயே எதிர்காலத்தை வைத்திருக்கும் வசதி ஆங்கிலத்துக்கு இல்லை. விருப்பத்தைக் குறித்த 'வில்' என்ற பழைய சொல்லை இரவல் வாங்கித்தான் அது நாளையைப் பற்றிப் பேசுகிறது.

இன்னொரு இடத்தில் இரு மொழிகளும் எதிர்பாராமல் கைகுலுக்குகின்றன. 'அப்போதெல்லாம் தாத்தா விடியற்காலையில் ஆற்றுக்குப் போவார்' என்கிறோம். தாத்தா காலமாகி வருஷங்கள் ஆகியிருக்கலாம். ஆனாலும் வினை எதிர்கால உருவத்தில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் இதற்கு 'வில்'லின் இறந்தகால வடிவமான 'வுட்'தான். பேச்சில் அது மேலும் தேய்ந்து 'ஹீட் கோ' ஆகும். தாத்தாவின் ஆற்றங்கரையிலிருந்து ஆரம்பித்தால் 'வுட்' அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. எந்த அட்டவணையும் அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை.

அடுத்த சோதனை சுருக்கங்கள். 'டூ நாட்' என்று படித்தவருக்கு 'டோன்ட்' பரவாயில்லை. 'கோயிங் டு' எப்படி 'கானா' ஆனது? 'ஹீஸ்' என்றால் 'ஹீ இஸ்'ஸா, 'ஹீ ஹாஸ்'ஸா? பின்னால் வரும் வினையைக் கேட்டால்தான் தெரியும். 'ஹீஸ் கோயிங்' என்றால் 'இஸ்', 'ஹீஸ் டன் இட்' என்றால் 'ஹாஸ்'. அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

ஆனால் சுருக்கம் ஆங்கிலேயரின் தனிச்சொத்து அல்ல. அமீர்பேட் ஆட்டோக்காரரிடமே பாடம் கேட்கலாம். 'கியா கர் ரஹே ஹோ' என்ற இந்தி, ஹைதராபாதின் தக்கினியில் 'கியா கர்ரே' ஆகிவிடுகிறது. நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதில் 11 எழுத்துகள். யாராவது அப்படிப் பேசுகிறோமா? 'வந்துட்டிருக்கேன்' என்று ஒன்பதில் முடித்துவிடுகிறோம். புத்தக ஆங்கிலத்தை அப்படியே பேசுவது, டீக்கடையில் போய் "ஐயா, ஒரு குவளை தேநீர் தருகிறீர்களா?" என்று கேட்பது போல. பிழை இல்லை. கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார்.

சுருக்கம் ஓர் அலங்காரம் அல்ல, சில சமயம் அதில் அர்த்தமே இருக்கிறது. 2000க்குப் பிறகு கால் சென்டர்கள் பெருகியபோது பயிற்சியில் அடிபட்ட சொல் 'கேன்'. அமெரிக்கர் 'ஐ கேன் டூ இட்' என்னும்போது 'கேன்' அநேகமாகக் 'க்ன்' என்று கரைந்துவிடும். 'கேன்ட்'டில் மட்டுமே உயிரொலி அழுத்தமாக ஒலிக்கும், கடைசி 'ட்' பாதி விழுங்கப்படும். நம்மவர் பணிவும் தெளிவுமாக 'கேன்' என்று அழுத்திச் சொன்னால், அந்த முனையில் அது 'கேன்ட்' என்று கேட்கும் ஆபத்து உண்டு. முடியும் என்றது முடியாது என்று போய்ச் சேருகிறது.

இதையெல்லாம் ஆராய்ந்த நிறுவனம் இதே ஊரில்தான் இருக்கிறது. 1958ல் ஹைதராபாதில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் அந்நிய மொழிகளையும் சேர்த்துக்கொண்டு 2007ல் மத்தியப் பல்கலைக்கழகமாகச் செயல்படத் தொடங்கியது. அங்கு பேராசிரியராக இருந்த ஆர்.கே.பன்சல், இந்தியர்களின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்பது பற்றி 1969ல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். சொல்லில் அழுத்தம் விழும் இடம் தவறுவதும் பேச்சின் தாளம் மாறுவதும் புரியாமைக்கு முக்கியக் காரணங்கள் என்று அவர் கண்டார். தமிழும் தெலுங்கும் அசைகளுக்கு ஏறக்குறையச் சம நேரம் தருகின்றன. ஆங்கிலம் முக்கியமான சொற்களை உயர்த்தி மற்றவற்றை நசுக்குகிறது. நசுங்கியவைதான் சுருக்கங்கள்.

சரி, எப்படிக் கற்பது? 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு தலைமையில் தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்த 'பெங்களூர் திட்டம்' ஒரு வழி காட்டியது. இலக்கண விதியை முதலில் ஒப்பிக்கச் சொல்லவில்லை. ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். மனம் விஷயத்தில் இருக்கும்போது வடிவம் தானாகப் படியும் என்பது அதன் நம்பிக்கை. எல்லோரும் ஏற்காவிட்டாலும் உலகெங்கும் பேசப்பட்ட பரிசோதனை அது.

தமிழருக்குக் கூடுதலாக ஒரு சாதகம் உண்டு. 'வர முடியல சார்' என்று வாயால் சொல்பவர், விடுப்பு விண்ணப்பத்தில் 'வர இயலவில்லை' என்று எழுதுகிறார். யாரும் சொல்லித் தராமலே இரண்டு தமிழுக்கும் இடையே தினமும் போய்வருகிறார். 'கானா'வைப் பேச்சிலும் 'கோயிங் டு'வை விண்ணப்பத்திலும் வைக்க வேண்டும் என்பது அவருக்குப் புதிய பாடமே அல்ல.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஊரிலிருந்து போன் வருகிறது. "கிளம்பிட்டியாப்பா?"

"இதோ கிளம்பிட்டேம்மா."

துணிகள் இன்னும் கொடியில் காய்கின்றன. கிளம்பவே இல்லை, ஆனாலும் இறந்த காலம். விரைவு கருதி வரப்போவதை வந்ததாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் அனுமதித்திருக்கின்றன. காலம் மாறினாலும் குற்றமில்லை என்று அமைதி சொன்ன இலக்கணம் அது. அந்த நேர்முகத் தேர்வு அறையிலும் யாராவது அவ்வளவு பெருந்தன்மையோடு உட்கார்ந்திருந்தால், பட்டதாரி தன் இரண்டாவது வாக்கியத்தையும் சொல்லி முடித்திருப்பார்.